நாலு விரக்கடை எட்டாத வயரு

...இல்ல, நான் தெரியாமத்தான் கேக்கறேன் தம்பி, ஒரு கம்ப்யூட்டருக்கு எதுக்கு இவ்வளோ பெரிய வீடு? நீங்களே சொல்லுங்க. இந்த பெஞ்சுல பாதிக்கு மேல இந்தப் பெட்டிதான் உக்காந்திருக்கு. மிச்சம் மீதியில நீங்களும் நானும் ஒட்டிக்கிட்டு இருக்கோம். கொஞ்சம் தள்ளிக்கோங்க... இல்ல இல்ல, அந்தப் பக்கம்... ஆங். கால்ல விழுந்துச்சுன்னா அப்புறம் காலத் தேடணும். பதினெட்டு கிலோ தம்பி! உள்ள ஒண்ணுமே இல்லாம, வெறும் கூடு மட்டும் பதினெட்டு கிலோ. வண்டிக்காரரு இதப் பாத்துட்டு, "பீரோவெல்லாம் ஏத்தறதில்லம்மா"ன்னுட்டாரு. பீரோவாம்! கம்ப்யூட்டர்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாரு.

மழை இப்போதைக்கு விடாது. நீங்களும் மழைக்குத்தானே உக்காந்திருக்கீங்க? பில்லு போட்டாச்சுல்ல? போட்டாச்சு, கையிலயே இருக்கு. நல்லது. அப்ப அவசரம் ஒண்ணும் இல்ல.

அதோ, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கவுன்டர்ல நின்னு கைய ஆட்டி ஆட்டிப் பேசறாளே, பச்சைச் சட்டை, அவதான் என் மக. கடைக்குட்டி. மூத்தவன் குடும்பத்தோட வெளியூர்ல இருக்கான். இவ பொம்மைப் படம் போடறவ. கையால இல்ல, கம்ப்யூட்டர்லயே போட்டு, கம்ப்யூட்டர்லயே நடக்க விடறது. முயல் தாவும், யானை சைக்கிள் ஓட்டும், மேகம் தும்மும்... எல்லாம் இவ வேலதான். பழைய கம்ப்யூட்டர்ல ஒரு முயல் ஒரு தடவ தாவறதுக்கு முக்கா மணி நேரம் ஆகும் தம்பி. அதுலயும் பாதியில நின்னு போகும். அந்தரத்துல முயலு! நான் தட்டுல சாப்பாட்ட வச்சுட்டு, "ஏண்டி, முயலு எறங்கிடுச்சா"ன்னு கேப்பேன். "இன்னும் இல்லம்மா"ம்பா. முயலு எறங்கினாத்தான் எங்க வீட்ல சாப்பாடு.

சரி, புதுசா ஒண்ணு கட்டிடலாம்னு முடிவாச்சு. கட்டறதுன்னா, ஒவ்வொரு சாமானா தனித்தனியா வாங்கி நாமளே பூட்டறது. வீடு கட்டினவங்ககூட இவ்வளோ யோசிச்சிருக்க மாட்டாங்க. ரெண்டு வாரம் தம்பி! ரெண்டு வாரமா எங்க வீட்ல வேற பேச்சே கெடையாது. பெட்டியும் பவர் சப்ளையும், பவர் சப்ளையும் பெட்டியும். மூத்தவன் போன்ல கூப்பிட்டு, "காத்தோட்டம் முக்கியம்மா, முன்பக்கம் சல்லடை மாதிரி இருக்கணும்"கறான். எங்க வீட்டுக்காரரு, "எதுவா இருந்தாலும் ஜன்னல் திரைக்குப் பொருத்தமா இருக்கட்டும்"கறாரு. ஜன்னல் திரை என்ன கலர்னு கேட்டுப் பாருங்க, திரும்பிப் பாத்துட்டுத்தான் சொல்லுவாரு. இவ என்னன்னா, பக்கத்துல கண்ணாடி வச்ச பெட்டியா எடுத்து எடுத்துக் காட்டறா. எதுக்குடி கண்ணாடின்னா, உள்ள இருக்கறது தெரியுமாம். ஏன் தம்பி, உள்ள இருக்கறது தெரியணும்னா அப்புறம் பெட்டி எதுக்கு? கடவுள் நம்ம வயித்துல கண்ணாடியா வச்சிருக்காரு? எவ்வளோ யோசிச்சு மூடி அனுப்பியிருக்காரு! இதுல உள்ள சுத்தற காத்தாடிக்கு ஏழு கலர்ல லைட்டு வேற. காத்துக்கு எதுக்குத் தம்பி கலரு?

பவர் சப்ளை கதை இதுக்கும் மேல. நான் மொதல்ல பவர் சப்ளைன்னா கரண்டு ஆபீஸ்காரங்க சமாச்சாரம்னு நெனச்சேன். "அதான் வீட்டுக்கு வருதேடி, தனியா எதுக்கு வாங்கணும்"னு கேட்டுட்டேன். அன்னிக்கு முழுக்க விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் படத்துல காட்டினா. செங்கல் மாதிரி ஒரு டப்பா. ஒரு பக்கம் காத்தாடி, ஒரு பக்கம் கொத்துக் கொத்தா வயரு. சுவத்துல இருந்து வர்ற கரண்ட இது வாங்கி, உள்ள இருக்கறதுல எது எது எவ்வளோ தாங்குமோ அவ்வளவு அவ்வளவா பங்கு போட்டுக் குடுக்குமாம். ஒருத்தருக்கும் கூடாம, ஒருத்தருக்கும் கொறையாம. "அட, இது நான் தெனம் அடுப்படியில பண்ற வேலதானேடி"ன்னேன். அன்னியிலேர்ந்து அந்தச் செங்கல் மேல எனக்குத் தனி மரியாத.

அதுலயும் வாட்டுக்கு ஒரு சண்ட. இவ அறுநூத்தம்பது போதும்கறா. மூத்தவன் எண்ணூத்தம்பதுக்குக் கொறையக் கூடாதுங்கறான். என் இஸ்திரிப் பெட்டியே ஆயிரம் வாட்டு. "ஏண்டா, ஒரு முயலு குதிக்கறதுக்கு சட்ட தேய்க்கற கரண்டா"ன்னு கேட்டேன். போன வச்சுட்டான். அப்புறம் அதுல தரம் வேற... வெங்கலம், வெள்ளி, தங்கம்னு. "தங்கமா? எங்க, தொறந்து காட்டு"ன்னேன். உள்ள பொட்டுத் தங்கம் கெடையாது தம்பி, பேருதான்! கரண்ட வீணாக்காம வேல செஞ்சா தங்கமாம். அப்படிப் பாத்தா எங்க வீட்டுக்காரரு வெங்கலத்துலகூட தேற மாட்டாரு. எந்த ரூம்ல போய் எந்திரிச்சு வந்தாலும் லைட்டு எரியும்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. நான் அழாத குறையா உக்காந்திருக்கேன்.

கடைசியா இவளே ஒரு முடிவுக்கு வந்தா. நோட்டுல எழுதி, அடியில கோடெல்லாம் போட்டு வச்சிருந்தா. சின்னப் பெட்டி ஒண்ணு. அந்த மாதிரி பெட்டிக்குன்னே செஞ்ச சின்ன பவர் சப்ளை ஒண்ணு. அது ரெண்டும் ஜோடி தம்பி, ஒண்ண விட்டுட்டு ஒண்ண எடுக்கக் கூடாது. சின்னப் பெட்டிக்குள்ள பெரிய செங்கல் போகவே போகாது. பெரிய பெட்டிக்குள்ள சின்னச் செங்கல் போகும்... ஆனா அதோட வயரு கட்டையா இருக்கும். இத நல்லா கேட்டுக்கோங்க, இதுதான் விஷயமே.

நேத்து சாமானெல்லாம் வந்து எறங்குச்சு. மத்ததெல்லாம் எழுதினது எழுதினபடி. பெட்டி மட்டும் இது! இந்த மலை! அட்டையப் பிரிச்சுட்டு இவ அப்படியே நின்னுட்டா. சரி, வந்ததுல பூட்டித்தான் பாப்போமேன்னு பூட்டினா. எல்லாத்தையும் உள்ள வச்சா, பெரிய ஹாலுக்குள்ள ஒத்த நாற்காலி போட்ட மாதிரி ஒரு மூலையில கெடக்கு. பவர் சப்ளை கீழ தரையில. வயரு போய்ச் சொருக வேண்டிய எடம் மேல உச்சியில. இழுத்தா... இழுத்தா... நானும் ஒரு கை புடிச்சேன்... எட்டல. நாலு விரக்கடை! வெறும் நாலு விரக்கடை எட்டல தம்பி! பட்டன அமுக்கினா மூச்சும் இல்ல பேச்சும் இல்ல. ஏழு கலரு காத்தாடியும் அப்படியே பாத்துட்டு நிக்குது.

நீட்டறதுக்கு ஒட்டு வயரு கெடைக்கும்னான் மூத்தவன். கெடைக்கட்டுமே. வயரு எட்டிடும். பெட்டி எளைச்சுடுமா?

அதான் மாத்திட்டுப் போகலாம்னு வந்தோம். வந்தா, கவுன்டர்ல அந்தப் பொண்ணு... பாருங்க, பெரிய கண்ணாடி போட்டுக்கிட்டு, பாவம்... அவ சொல்றா, "நீங்க கேட்டதத்தான் அனுப்பினோம். உங்க வீட்ல இருந்து போன் வந்துச்சு, பெட்டிய மாத்தச் சொன்னாங்க, என் கையாலதான் எழுதினேன்"கறா. என் மக விடுவாளா? "எங்க வீட்ல இருந்து யாருங்க போன் போடுவாங்க? எங்கப்பா போன்ல ஹலோவுக்கு மேல பேச மாட்டாரு. எங்கம்மாவுக்கு மதர்போர்டுக்கும் அட்டப் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாது"ங்கறா!

எனக்கா? எனக்கா தம்பி தெரியாது? அத்தன பேரு முன்னாடி! ரெண்டு வாரம் கூடவே உக்காந்து கேட்டிருக்கேன், எனக்கா தெரியாது? நல்லா நாலு வார்த்த சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். அப்புறம் மூடிட்டேன். மூடிட்டு, பெட்டிக்குக் காவல் இருக்கேன்னு சொல்லி இங்க வந்துட்டேன்.

ஏன் மூடினேன்னா... அது கெடக்கட்டும். நீங்க என்ன வாங்கினீங்க?

சும்மாதான் கேக்கறேன். மடியில வச்சிருக்கீங்களே, அது அந்தச் சின்னப் பெட்டிதானே? மேல கைப்பிடி வச்சது? அட்டையிலயே படம் போட்டிருக்கே. ம்... ம்ம். பொய் சொல்லக் கூடாது தம்பி, அதப் பாத்துட்டுத்தான் நான் இந்த பெஞ்சுக்கே வந்தேன். அந்த பெஞ்சு காலியாத்தானே கெடக்கு. இந்தக் கடையில அதுதான் கடைசி. அடுத்தது வர ஒரு மாசம் ஆகும்னு அந்தப் பொண்ணு இப்பத்தான் சொன்னா. "கடைசிப் பெட்டிய அதோ அவரு வாங்கிட்டாரு"ன்னு உங்களத்தான் கை காட்டினா.

அய்யோ, அத எதுக்கு அப்படிக் கட்டிப் புடிக்கறீங்க? நான் என்ன புடுங்கிட்டா ஓடப் போறேன்? என் முட்டிக்கு நான் நடக்கறதே பெரிசு.

அந்தப் பையில என்ன? பவர் சப்ளையா? எங்க, காட்டுங்க. அட, காட்டுங்க தம்பி, பாத்துட்டுக் குடுத்துடறேன்... எண்ணூத்தம்பது! தங்கம்! எங்க மூத்தவன் மாதிரியே ஆளு நீங்க. இருங்க, அட்டையில என்னமோ எழுதியிருக்குமே... ஆங், இதோ. ஏ-ல ஆரம்பிக்குது பாருங்க, மூணு எழுத்து. தம்பி... உங்ககிட்ட எப்படிச் சொல்றது... ஏ-ன்னா பெரிய செங்கல் தம்பி. உங்க மடியில இருக்கற பெட்டிக்குள்ள போறது எஸ்-ல ஆரம்பிக்கும். எங்களுது எஸ்ஸு. உங்களுது ஏ. இது அதுக்குள்ள போகாது. சத்தியமா போகாது. வேணும்னா பெட்டி அட்டையில பாருங்க, பின்பக்கம், பொடி எழுத்துல... படிங்க... நான் கண்ணாடி கொண்டு வரல.

என்ன? எஸ்ஸா? சொன்னேனா இல்லையா!

யாரு சொன்னது எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு? ஹா! வாங்கறப்ப அந்தப் பொண்ணக் கேட்டிருக்கலாமே நீங்க. எங்க கேக்கறது, என் மக அவள விட்டாத்தானே?

சரி, இப்ப நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பெட்டிய ஒரு தடவ பாருங்க. நல்லா பாருங்க. எவ்வளோ விசாலம்! உங்க பெரிய செங்கலு உள்ள போய் கால நீட்டிப் படுத்துக்கலாம். முன்பக்கம் முழுக்கச் சல்லடை, காத்து சும்மா வீசும். கண்ணாடி இருக்கு, உள்ள இருக்கறதெல்லாம் தெரியும். ஏழு கலரு! ஏழு கலரு எங்க தம்பி கெடைக்கும்? கனம்னு பாக்காதீங்க, கனம்னா கெட்டி. நீங்க இத எங்கயும் தூக்கிட்டுப் போறவரா? இல்லைல்ல? வீட்லயே வச்சு ஓட்டறதுதானே? பாத்தீங்களா! வெளிய நிக்கற அந்த வெள்ளைக் காரு உங்களோடதுதானே? பின்னாடி வச்சா கச்சிதமா இருக்கும். பில்லு இது மேலயே ஒட்டியிருக்கு.

மொதல்ல திட்டினேனா? எப்ப திட்டினேன்? அது... ஒரு பேச்சுக்குச் சொல்றது தம்பி.

என்ன கேக்கறீங்க? யாரு போன் போட்டதுன்னா?

...நீங்க வாயே தொறக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். தொறந்ததும் இதத்தான் கேக்கணுமா.

நான்தான்.

இல்ல, கேளுங்க. முழுசா கேட்டுட்டு அப்புறம் அப்படிப் பாருங்க. இவளுக்குப் புது வேல கெடைச்சிருக்கு. ஆபீஸ் வெளியூர்ல. ரயில்ல அஞ்சு மணி நேரம். போகப் போறியா, இங்கயே இருந்து பண்ணப் போறியான்னு யாரு கேட்டாலும், "மொதல்ல கம்ப்யூட்டர கட்டலாம்மா, அப்புறம் பாக்கலாம்"கறா. நான் ஒரு வார்த்த அழுத்திக் கேக்கல. காலையில எந்திரிச்சதும் கடவுள்கிட்ட மட்டும் சொல்லிட்டிருந்தேன். ஒரு நாள் மேஜ தொடைக்கறப்ப அந்த நோட்டு தொறந்து கெடந்துச்சு. அவ எழுதி வச்ச பெட்டியோட படம். அதுல கைப்பிடி! கம்ப்யூட்டருக்கு எதுக்குத் தம்பி கைப்பிடி? ஓகோ, கெளம்ப முடிவு பண்ணிட்டா, அதான் சொல்ல மாட்டேங்கறான்னு நெனச்சேன். அங்கயே நின்னு கண்ண மூடி, "கடவுளே, இவ இந்த வீட்ட விட்டுத் தூக்கிட்டுப் போக முடியாதபடி ஏதாவது பண்ணு"ன்னு கேட்டேன். கேட்டதோட விட்டிருக்கணும். அவரு பதில் சொல்றதுக்குள்ள நான் கடைக்குப் போன் போட்டுட்டேன்.

"அந்தச் சின்னப் பெட்டி வேணாம்மா, இருக்கறதுலயே பெருசா, இருக்கறதுலயே கனமா ஒண்ணு அனுப்பு. மகதான் சொல்லச் சொன்னா"ன்னேன். வாய் கூசாம சொன்னேன் தம்பி! அந்தப் பொண்ணு எதுக்கும்மா அவ்வளோ கனம்னு கேட்டா. "காத்தோட்டம்"ன்னேன். பவர் சப்ளையும் சேத்து மாத்தணும்னு அப்பத் தோணவே இல்ல. எனக்குக் கனம் மட்டும்தான் கண்ணுல.

இப்ப கேளுங்க கூத்த. நேத்து இவ, வயர இழுத்துப் புடிச்சுட்டு, அழற மாதிரி சொல்றா... ஆபீஸ்ல வீட்ல இருந்தே வேல செய்யச் சொல்லிட்டாங்களாம். மாசத்துல மூணு நாளு மட்டும் கம்ப்யூட்டரோட அங்க போய் உக்காரணுமாம். அதுக்குத்தான் கைப்பிடி! அந்தக் கைப்பிடி போறதுக்கு இல்ல தம்பி, திரும்பி வர்றதுக்கு! "இந்தப் பீரோவ மாசா மாசம் எப்படிம்மா ரயில்ல ஏத்தி எறக்கறது? இத அங்கயே போட்டுட்டு நானும் அங்கயே இருந்துக்கறேன். ரெண்டு சிநேகிதிங்க ரூம்ல எடம் இருக்கு"ங்கறா. வர்ற திங்கக்கிழம போகணும். இன்னிக்குச் சின்னப் பெட்டி கெடைக்கலன்னா அவ அங்கதான். இருக்க வைக்கறதுக்கு நான் பண்ணின வேலதான் அவள வெளிய தள்ளுது. நல்லா இருக்கா?

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். யோசிங்க. உங்க செங்கலு, எங்க மலை. எங்க செங்கலு, உங்க... ஆ, அங்க பாருங்க. முதலாளி வந்துட்டாரு போல. அந்தப் பொண்ணு கண்ணாடியக் கழட்டித் தொடைக்கறா. தம்பி, அழறாளா அவ? அழறா. என் மக இன்னும் பேசறா. அய்யோ, நிறுத்துடி...

இது தாங்காது. நான் பண்ணினதுக்கு யாரோ பெத்த பொண்ணு அழறதா? நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். நீங்க குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. ஆனா போயிடாதீங்க. ரெண்டே நிமிஷம். சொல்றதுக்கு ஒரு நிமிஷம், திட்டு வாங்கறதுக்கு ஒரு நிமிஷம். பெட்டியப் பாத்துக்கோங்க!

*

...வாடி, வெக்கப்படாத, நீயும் வந்து அவருகிட்ட ஒரு வார்த்த கேளு. தம்பி! சொல்லிட்டேன் தம்பி! இந்தக் கதவு வேற தள்ளினா வர மாட்டேங்குது... முதலாளி முன்னாடியே சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு கையப் புடிச்சு, "தப்பு என்மேலதாம்மா"ன்னேன். அது மறுபடி அழுதுச்சு, ஆனா இது வேற அழுக. என் மக என்ன ஒரு பார்வ பாத்தா பாருங்க... பாத்துட்டு, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா"ன்னா. அவ்வளவுதான். நான் கடவுள்கிட்ட கேட்டேன், கடைக்காரங்ககிட்ட கேட்டேன், இவகிட்ட மட்டும் கேக்கல தம்பி. அப்புறம், "காத்தோட்டம்னா சொன்ன"ன்னு ஆரம்பிச்சு சிரிச்சா, முதலாளிகூட திரும்பி நின்னு சிரிச்சாரு... தம்பி?

எங்கடி அவரு? இங்கதானே உக்காந்திருந்தாரு. மலையக் காணோம்... ஏய்! சின்னப் பெட்டி! பெஞ்சுல சின்னப் பெட்டி இருக்குடி! பில்லக்கூட மேல வச்சுட்டுப் போயிருக்காரு. கடவுளே... கடவுளே, நீ மெதுவாத்தான் பதில் சொல்லுவ, நான்தான் அவசரப்பட்டேன். தூக்குடி, தூக்கு! ஒரு கையில வருதா? வருது!

ஆனா மழை இன்னும் விடலையே? இந்த மழையிலயா பதினெட்டு கிலோவத் தூக்கிட்டு ஓடினாரு? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா மனுஷன்?

என்னடி சிரிக்கற? எவ்வளோ நேரம் பேசினேனா? என்ன ஒரு... முக்கா மணி நேரம் இருக்கும். அவரு என்ன பேசினாரா? அவரு எங்க... ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. ஏன்? "அவரு பெட்டிக்காக மாத்திக்கலம்மா, உன்கிட்டேர்ந்து தப்பிக்கறதுக்கு மாத்திக்கிட்டாரு"ன்னா சொல்ற? போடி! தங்கமான மனுஷன்டி. நெசமான தங்கம், கரண்டு தங்கம் இல்ல. இரு, மொகத்தத் தொடைச்சுக்கறேன், கைக்குட்டை எங்க... கைப்பையில என்ன கலகலங்குது?

அய்யய்யோ.

ஸ்க்ரூ! அந்த மலையோட ஸ்க்ரூ பாக்கெட்டுடி! காலையில எல்லாத்தையும் கழட்டினப்ப தொலஞ்சுடப் போகுதுன்னு நான்தான் பத்திரமா எடுத்து வச்சேன். இது இல்லாம அவரு ஒண்ணையும் பூட்ட முடியாதே! தள்ளு, வழி விடு... அதோ, வெள்ளைக் காரு, இன்னும் போகல, பின்கதவ மூடறாரு. தம்பி! தம்பீ! இங்க... திரும்பிப் பாத்துட்டாரு. பாத்துட்டு எதுக்கு அவ்வளோ வேகமா வண்டியில ஏர்றாரு? தம்பி, நிறுத்துங்க! பேச மாட்டேன் தம்பி! சத்தியமா ஒரு வார்த்த பேச மாட்டேன்! கண்ணாடிய எறக்கி ஸ்க்ரூவ மட்டும் வாங்கிட்டுப் போங்க!